கொங்கு தந்த இசைப்புலவர்



ஒரு நல்ல பாட்டு நம் செவியில் விழுந்தால், பாடியவர் யார் என்று முதலில் கேட்கிறோம். இசையிலே சிறிது பழக்கம் உடையவர்கள், இராகம் எது என்று கேட்பார்கள். அந்தப் பாட்டை ஆக்கியவர் யார் என்று கேட்பவர்களோ மிகச் சிலர். வீட்டிலே சுகமாகக் குடியிருப்பவர், அதைக் கட்டிய கொத்தனாரின் பெயரை அறியாதிருப்பது போன்றது இது.

திருப்பூரில் நான் குடியிருக்கும் தெருவிலே பின்னல் இயந்திரங்களின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. அந்த ஓசைக்கு நடுவே, அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி மாலைதோறும் வாய்ப்பாட்டுப் பயின்று வருகிறாள். ஒரு நாள் அவள் சாவேரி இராகத்திலே முருகப்பெருமான்மீது ஒரு கீர்த்தனையைப் பாடினாள். உள்ளத்தை உருக்கும் பாட்டு. பாடி முடித்து வாசலுக்கு வந்தவளிடம், "யார் பாட்டு அது, அம்மணி?" என்று கேட்டேன். "பாபநாசம் சிவன் பாட்டாக இருக்குமுங்க, ஐயா" என்றாள்.

பாபநாசம் சிவன் பெரிய இசைப்புலவர். அவருடைய பாட்டு என்று நினைக்கத் தோன்றியதே இந்தக் கீர்த்தனைக்கு ஒரு பெருமைதான். ஆனால், 'முருகா முருகா' என்று தொடங்கும் அந்தக் கீர்த்தனையை ஆக்கியவர் அவரல்லர். திருப்பூருக்குக் கிழக்கே, ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகில் மஞ்சக்காட்டுவலசு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரிலே பிறந்த ம. ப. பெரியசாமித் தூரனே அதை ஆக்கியவர். நம் மண்ணில் பிறந்தவருடைய பாட்டை நம் தெருப் பெண்ணே பாடுகிறாள். அது நம்மவர் பாட்டு என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லுவதற்காகவே இன்றைக்கு உங்கள்முன் வந்திருக்கிறேன்.

தூரன் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் உழவர் குடும்பம் ஒன்றிலே தோன்றியவர். தூரன் என்பது கொங்கு வேளாளருக்குள் வழங்கும் குலப் பெயர்களுள் ஒன்று. அதையே அவர் தம் இலக்கியப் பெயராகவும் கொண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அங்கே நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்று ஓர் இதழும் நடத்தினார்.

பட்டப் படிப்பின் இறுதித் தேர்வு நெருங்கியது. அந்த வேளையில், 1931ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். நாடெங்கும் துயரம் பரவியது. இருபத்திரண்டு வயது இளைஞராக இருந்த தூரன், அந்த அரசு நடத்தும் தேர்வை எழுதுவதில்லை என்று முடிவு செய்தார். எழுதவும் இல்லை. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில்தான், இதே திருப்பூரிலே, குமரன் கொடியை ஏந்தியபடி அடிபட்டு உயிர் துறந்தான். அந்தக் காலத்து இளைஞர் உள்ளம் எந்தத் தீயில் வெந்துகொண்டிருந்தது என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. நீங்களும் தேர்வை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உங்கள் பெற்றோர் என்னைத் தேடி வந்துவிடுவார்கள்! ஒரு கொள்கைக்காகத் தமக்குக் கிடைக்கவிருந்த பயனை விட்டுக்கொடுக்கும் இயல்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் அதுவே திறவுகோல்.

கோபிசெட்டிபாளையத்திலே சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின், கோயம்புத்தூர் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். அந்த வித்தியாலயத்தை நிறுவியவர், 1903இல் திருப்பூரிலே பிறந்த தி. சு. அவினாசிலிங்கம். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக விளங்கியவர் அவர். 1946இல் அவர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கலைகளையும் விஞ்ஞானங்களையும் அகரவரிசையிலே தமிழில் தொகுத்துத் தரும் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட அந்தக் கழகம் திட்டமிட்டது. அதற்குத் தலைமைப் பதிப்பாசிரியராக 1948இல் பொறுப்பேற்றவர் தூரன். பட்டத் தேர்வு எழுதாத ஒருவர், அறிஞர் பலரிடம் கட்டுரை வாங்கித் திருத்தி அச்சேற்றும் பொறுப்பிலே அமர்ந்தார்!

அது எளிய வேலை அன்று. பௌதிகமாயினும், தாவரநூலாயினும், சிற்பமாயினும், ஒவ்வொரு துறையிலும் தமிழில் வழங்கும் சொல் எது, இல்லையென்றால் எதை ஆக்குவது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தொகுதியிலே வழங்கிய சொல்லை அடுத்த தொகுதியிலும் மாறாமல் வழங்க வேண்டும். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்தாவது தொகுதி 1968இல் வெளிவந்தது. அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. குழந்தைகளுக்கென்று தனியே ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, அதையும் பத்துத் தொகுதிகளாக 1976 வரையில் நடத்தி முடித்தார். கணக்கிட்டுப் பாருங்கள்: 1948 முதல் 1976 வரை இருபத்தெட்டு ஆண்டுகள். மனிதனுடைய முதிர்ந்த பருவம் முழுவதும் பிறருடைய எழுத்தைச் செம்மை செய்வதிலே சென்றது.

இத்தகைய வேறொரு தொண்டையும் அவர் செய்திருந்தார். பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் எழுதியவை நூலாகத் தொகுக்கப்படாமல் பழைய தாள்களுக்குள்ளே கிடந்தன. தூரன் அந்தத் தாள்களைப் புரட்டி, தேடி எடுத்து, 'பாரதி தமிழ்' என்னும் நூலாகத் தந்தார். இன்று பாரதியாரைப் பற்றி ஆராய்பவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்களே.

இவ்வளவு வேலைக்கும் இடையே அவர் கவிதை எழுதினார், சிறுகதை எழுதினார், நாடகம் எழுதினார், குழந்தை மனத்தைப் பற்றியும் குமரப் பருவத்தைப் பற்றியும் உளநூல்கள் எழுதினார். இவற்றோடு, நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளையும் இயற்றினார். இசையைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களே இசைப்புலவர் ஆக முடியும் என்று சிலர் எண்ணுகிறார்கள். தூரனுடைய வாழ்க்கை அந்த எண்ணத்துக்கு மறுப்பாக நிற்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், கடலுக்கு அப்பால், இத்தகைய மனிதர் இன்னொருவரும் வாழ்ந்தார். அவரைப் பக்கத்திலே வைத்துப் பார்த்தால் தூரனுடைய தொண்டின் தன்மை நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். இங்கிலாந்தின் பெருமைக்குரிய இசைப்புலவராகிய ரால்ப் வான் வில்லியம்ஸ் என்பவரைச் சொல்லுகிறேன். 1872இல் கிளாஸ்டர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மாதாகோயில் குருவின் மகனாகப் பிறந்தவர் அவர். 1958இல் மறைந்தார். அக்காலத்தில் ஆங்கிலேயர் தம் பெரிய இசைக்கு ஜெர்மனியையே பெரிதும் எதிர்நோக்கியிருந்தார்கள். தமக்கென்று ஓர் இசை உண்டா என்று அவர்களுக்கே ஐயம்.

1903ஆம் ஆண்டு டிசம்பரில், எசெக்ஸ் வட்டாரத்திலே இங்கிரேவ் என்னும் கிராமத்துக்கு வான் வில்லியம்ஸ் சென்றிருந்தார். அங்கே முதிய தொழிலாளி ஒருவர், தம் குடிசையிலே, காலங்காலமாக வழங்கிவந்த பழம்பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். முன்பு கேளாத அந்த மெட்டு, பிறந்தது முதலே தமக்குத் தெரிந்திருந்தது போல வான் வில்லியம்ஸுக்குத் தோன்றியது. அன்று முதல் அவர் ஊர் ஊராகச் சென்றார். உழவர்களிடமும், மீனவர்களிடமும், சாவடிகளிலே கூடுபவர்களிடமும் கேட்டுக் கேட்டு, எண்ணூறுக்கும் மேற்பட்ட பாட்டுக்களைக் குறித்துவைத்தார். அவற்றுட் சிலவற்றின் மெட்டுக்களை, 1906இல் தாம் இசைப் பதிப்பாசிரியராக இருந்து வெளியிட்ட ஆங்கிலத் துதிப்பாடல் நூலிலே சேர்த்தார். தம் சொந்தப் படைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் அந்தத் தொகுப்பு வேலையிலே செலவிட்டார். அதனால் தமக்கு நட்டம் என்று அவர் கருதவில்லை. அதைவிடச் சிறந்த பயிற்சி தமக்கு வேறு இல்லை என்றே கருதினார்.

இதிலே நம் இசை மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலக் கிராமியப் பாட்டுக்களிலே காணப்படும் சுர அமைப்புக்களுள் ஒன்றுக்கு டோரியன் என்று பெயர். அது நம் கரகரப்பிரியாவின் சுரங்களைக் கொண்டது. இன்னொன்று மிக்சோலிடியன், அது நம் அரிகாம்போதி. வான் வில்லியம்ஸ் 1910இல் பழைய துதிப்பாடல் மெட்டு ஒன்றை வைத்து, நரம்புக் கருவிகளுக்கென்று ஓர் உருப்படி அமைத்தார். அந்த மெட்டு நம் தோடியின் சுரங்களிலே அமைந்தது. வானம்பாடி மேலெழுவதை வயலினிலே காட்டும் அவருடைய இன்னொரு படைப்பின் தொடக்கமோ ஐந்தே சுரங்களிலே பறக்கிறது. மோகனமும் சுத்த சாவேரியும் நம் நினைவுக்கு வருகின்றன. கமகம் வேறு, பாடும் முறை வேறு. ஆயினும் உழவனுடைய தொண்டையிலே சுரங்கள் எங்கும் உறவு கொண்டாடுகின்றன. அவருடைய நண்பர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்பவரோ ஒரு படி மேலே சென்று, சமஸ்கிருதம் கற்று, ரிக்வேதத் துதிகளைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து இசையமைத்தார். சாவித்திரி கதையை இசை நாடகமாக்கினார். அவரும் பிழைப்புக்குச் செய்த தொழில் பெண்கள் பள்ளியிலே ஆசிரியப் பணிதான்.

நம் தூரனிடம் திரும்புவோம். வான் வில்லியம்ஸைப் போலவே அவரும் நாட்டுப்புறத்துப் பாட்டுக்களைத் தேடித் தொகுத்தவர். அந்தத் தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'காற்றில் வந்த கவிதை'. எழுதியவன் பெயர் இல்லை, ஏட்டிலும் இல்லை, காற்றோடு வந்து காற்றோடு போவது என்று பொருள் விரிகிறது. போய்விடாதபடி பிடித்து வைத்தவர் அவர்.

இனி, அவருடைய கீர்த்தனைகளைச் சிறிது பார்ப்போம். கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று உறுப்புக்கள். பல்லவி சொல்ல வந்த கருத்தை விதைபோல ஊன்றுகிறது. அனுபல்லவி அதற்கு நீர் வார்க்கிறது. சரணத்திலே அது கிளைத்துப் பூத்து, மீண்டும் பல்லவிக்கே வந்து சேருகிறது. இந்த அமைப்பிலே தமிழ்ச் சொற்களைப் பொருத்துவதற்குச் செவி வேண்டும். குறில் வந்த இடத்திலே பாடகர் நீட்டினால் சொல் சிதையும், பொருள் மாறும். வல்லின மெய்கள் நெருங்கினால் குரல் தடுக்கும். நெடில் வரவேண்டிய இடத்திலே வந்தால்தான் இராகம் விரிவதற்கு வாசல் திறக்கும்.

சாவேரிக் கீர்த்தனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முருகா' என்னும் விளியிலே முதல் இரண்டு எழுத்தும் குறில், மூன்றாவது நெடில். இரண்டு குறிலும் விரைந்து ஓட, நெடிலிலே குரல் தங்கி நின்று இறைஞ்சுகிறது. சாவேரி இராகம் ஏறும்போது காந்தாரத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டு ஏறும். இறங்கும்போது ஏழு சுரங்களையும் தொட்டுக்கொண்டு இறங்கும். ஏறுவதிலே ஏக்கம், இறங்குவதிலே குழைவு. கூப்பிட்டும் வராத தெய்வத்தை மீண்டும் மீண்டும் கூப்பிடும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இராகம் ஏது?

சுத்த சாவேரியில் அமைந்த 'தாயே திரிபுரசுந்தரி' வேறு வகை. ஐந்து சுரங்களின் தெளிவிலே, தாயை அழைக்கும் குரல் தயக்கமின்றி எழுகிறது. துவிஜாவந்தியில் 'எங்கு நான் செல்வேன்' என்னும் பாட்டு, புகலிடம் வேறு அறியாதவனுடைய தவிப்பு. பிருந்தாவன சாரங்காவில் 'கலியுக வரதன்' என்பது பழனியாண்டவனைப் பற்றியது. தைப்பூசத்துக்குத் திருப்பூர் வழியாகவும் ஈரோடு வழியாகவும் காவடி தூக்கிப் பழனிக்கு நடந்து செல்லும் கூட்டத்தை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். அந்தப் பாதயாத்திரையைச் சிறு பிராயம் முதல் கண்ட நாட்டவர் எழுதிய பாட்டு அது. காவடிச் சிந்து மெட்டிலும் அவர் பாடியிருக்கிறார். 'அழகு தெய்வமாக' என்று தொடங்கும் சிந்தைப் பாடினால், உட்கார்ந்திருப்பவருடைய காலும் தாளம் போடும்.

சொற்களிலே பகட்டு இல்லை. அகராதியைத் தேட வைப்பதும் இல்லை. கலைக்களஞ்சியத்துக்காக ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை எண்ணிப் பார்த்தவர், பாட்டு என்று வந்தபோது வீட்டிலே வழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டார். எந்தச் சொல் எங்கே உதவும் என்று தெரிந்தவருக்கே இந்த எளிமை கைகூடும்.

அவர் பாட்டு இயற்றிய காலத்தையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கள் முடிவிலே பாடும் துக்கடாவாக மட்டும் நிற்கலாமா, நடுநாயகமாக விரித்துப் பாடும் இடம் அவற்றுக்கு வேண்டாமா என்பதே கேள்வி. தமிழில் அதற்குத் தகுதியான உருப்படிகள் போதிய அளவில் இல்லையே என்று எதிர்ப்பக்கத்தில் சிலர் சொன்னார்கள். முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் இருந்த மொழிக்கு அந்தக் குறை கூறுவது பொருந்தாது. ஆயினும், வாதத்துக்கு வாதத்தால் மட்டும் விடை சொன்னால் போதாது. பாட்டினாலும் விடை சொல்ல வேண்டும். பாபநாசம் சிவன் அப்படி விடை சொன்னார். பெரியசாமித் தூரனும் சொன்னார். தூரனுடைய பாடல்கள் 'இசைமணி மாலை', 'கீர்த்தனை அமுதம்' முதலிய நூல்களாக வெளிவந்தன. 1968இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1972இல் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் என்னும் பட்டம் வழங்கியது. 1987ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

பட்டங்கள் வந்தன, பாட்டுக்களும் மேடைகளிலே நிலைத்தன, பெயர்தான் பின்னாலே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் என்ன? பழைய இசைப்புலவர் பலர், பாட்டின் இறுதியிலே தம் முத்திரையை வைத்தார்கள். கேட்பவர்கள் அதைக்கொண்டு ஆசிரியரை அறிந்துகொள்வார்கள். நம்மவருடைய பாட்டுக்களை அப்படிக் கண்டுகொள்வது எளிதன்று. மேலும், கலைக்களஞ்சியத்தைப் புரட்டுகிறவர்கள் பொருளைத் தேடுவார்களே அன்றிப் பதிப்பாசிரியரைத் தேட மாட்டார்கள். பாரதியார் கட்டுரையைப் படிப்பவர்கள் பாரதியாரையே நினைப்பார்கள். நாட்டுப் பாட்டோ எவர் பெயரையும் தாங்காதது. பிறரை வெளிச்சத்தில் நிறுத்துவதற்காக விளக்கைத் தூக்கிப் பிடித்தவருடைய முகம் இருளிலே நின்றுவிடுவது இயல்புதானே?

மாணவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று: பாட்டைப் பாடும்போதும் கேட்கும்போதும் இயற்றியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளி விழாவிலே பாடுகிறவர், "இராகம் சாவேரி, இயற்றியவர் பெரியசாமித் தூரன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. பனியனிலே அதைத் தைத்தவள் பெயரை யாரும் பொறிப்பதில்லை. அதைப் பற்றி நாம் நினைப்பதும் இல்லை. இந்தப் பழக்கம் பாட்டுக்கும் வரவேண்டாம்.

மற்றொன்று கொஞ்சம் அவசரமானது. நம் ஊர்க் கிணறுகளிலே மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் போய்விட்டது. மின்சார இயந்திரம் வந்தது. கவலையோடு கவலைப் பாட்டும் போயிற்று. காட்டிலே பருத்தி எடுத்த பெண்கள் பாடிய பாட்டையும், தாலாட்டையும், கும்மியையும் அறிந்தவர்கள் இன்று முதுமை அடைந்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்குள்ளே இயந்திரம் பாடும்போது மனிதன் வாய் திறந்து பாட இடம் இல்லை. வான் வில்லியம்ஸ் இங்கிரேவ் கிராமத்துக்குப் போனபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த முதியவரோடு அந்தப் பாட்டும் மண்ணுக்குள் போயிருக்கக் கூடும். உங்கள் அப்பத்தாளிடமோ அம்மிச்சியிடமோ ஒரு நாள் மாலை உட்கார்ந்து, "உங்கள் காலத்துப் பாட்டு ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், "அதெல்லாம் எனக்கு மறந்து போச்சு, கண்ணு" என்பார்கள். சற்றுப் பொறுங்கள். ஓர் அடி வரும். அதன் பின்னாலே இன்னொன்று வரும். வந்ததை வந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியிலே குரலையும் பதிந்துகொள்ளுங்கள். தூரனுக்கு இல்லாத வசதி அது. ஊரின் பெயரையும், பாடியவர் பெயரையும், நாளையும் குறித்து வைக்க மறவாதீர்கள்.

அன்று மாலை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் தூரனைப் பற்றி நான் அறிந்ததைச் சொன்னேன். மஞ்சக்காட்டுவலசு என்றதும் அவள் கண்கள் விரிந்தன. "எங்கள் அம்மிச்சி ஊருக்குப் பக்கம்தானுங்க அது!" என்றாள். உள்ளே சென்று மறுபடியும் அதே கீர்த்தனையைப் பாடத் தொடங்கினாள். அதே குரல்தான், அதே சாவேரிதான். ஆனால், இப்போது அவள் தன் வீட்டுப் பாட்டைப் பாடுகிறவள்போலப் பாடினாள். இயந்திரங்களின் ஓசையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.